இரண்டு அத்தைகளை ஒன்றாக்கியவள்

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், சாப்பாட்டு வேளைக்குச் சற்று முன்னால், மூலைவீட்டின் இரண்டு அத்தைகளும் ஒரே அத்தையாகிப் போனார்கள். சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. எதிர்வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்தவர்கள் (ஜன்னல் வேறெதற்கு இருக்கிறது?) சொன்னபடி, ஒருத்தி கொடியில் துணி போட்டுக்கொண்டிருந்தாள், மற்றவள் கிளிப் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அடுத்த நொடி ஒருத்தியே எடுத்து ஒருத்தியே மாட்டிக்கொண்டிருந்தாள். துணி காய்வதில் எந்தத் தடங்கலும் இல்லை.

செய்தது அவர்கள் தூக்கி வளர்த்த அண்ணன் மகள்தான். வீட்டுச் சாமான்கள் விற்கும் பெரிய கடையொன்றின் அலுவலகத்தில், டேட்டாபேஸ் பிரிவில் அவளுக்கு வேலை. அங்கே ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஒரு வரி, ஒரு எண். பிறந்த தேதி, விலாசம், போன் எல்லாம் அந்த வரியில். யார் என்ன வாங்கினார்கள் என்பது வேறொரு அட்டவணையில், அதே எண்ணோடு முடிச்சுப் போட்டு. இந்த மாதம் மெத்தை வாங்கியவர் அடுத்த மாதம் போர்வைக்கு வருவார் என்று முதலாளி ஜோசியம் சொல்வது இதை வைத்துத்தான். ஒரே ஆள் இரண்டு வரியில் உட்கார்ந்திருந்தால் ஜோசியம் பிசகும். அதனால் சந்தேகப்பட்ட ஜோடிகளையெல்லாம் கணினி இவள் முன்னால் நிறுத்தி, இருவரும் ஒருவரா என்று கேட்கும். இவள் ‘ஆம்’ அழுத்துவாள், அல்லது ‘இல்லை’. ஆயிரக்கணக்கில் ‘ஆம்’ அழுத்தியிருக்கிறாள். அவர்களெல்லாம் நிஜமாகவே ஒரே ஆள்தான் என்பதால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

அன்றைக்குத் திரையில் வந்து நின்றது அவளுடைய அத்தைகள். இரட்டைப் பிறவி. ஒரே தேதி, ஒரே வீடு, இருவருக்கும் சேர்த்து ஒரே போன். கணினி சந்தேகப்பட்டதில் தப்பில்லை. இவளுக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் அன்று காலைதான், தலையணை உறை வாங்கியதற்கு இவள் கடை தந்த புள்ளிகள் யார் அட்டையில் ஏறின என்று இருவரும் மல்லுக்கு நின்று, நடுவில் இவளை இழுத்துவிட்டு, பஸ்ஸைத் தவறவிட வைத்திருந்தார்கள். “தொலையட்டும், இனிமே ஒரே கார்டு,” என்று ‘ஆம்’ அழுத்திவிட்டு டீ குடிக்கப் போனாள்.

சாயங்காலம் ஒரே அத்தை கதவைத் திறந்தாள். ஒரு காலில் பச்சைச் செருப்பு, மறுகாலில் பழுப்புச் செருப்பு. இவளுக்கு விஷயம் புரிந்தது. மறுநாள் விடிந்ததும் டேட்டாபேஸ்காரர் முன்னால் போய் நின்றாள்.

“பழைய நகல் இருக்குமே சார்?”

“நேத்து ராத்திரியே அதுமேல புதுசு எழுதியாச்சும்மா. பிரிக்கலாம், பெரிய வேலையில்ல. ஆனா வாங்கின சாமானெல்லாம் இப்போ ஒரே நம்பர்ல கெடக்கு. எது யாரோடதுன்னு நீங்கதான் சொல்லணும்.”

“குத்துமதிப்பா சொன்னா?”

“அவங்களும் குத்துமதிப்பாத்தான் திரும்பி வருவாங்க. பரவாயில்லையா?”

திரையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். நீல ஸ்வெட்டர், ரேடியோ, முட்டிவலித் தைலம், வண்ண நூல். யாருக்கு முட்டி வலித்தது? ரேடியோ கேட்டது யார்? வளர்த்தது இரண்டு பேர். வளர்ந்தவளுக்குத் தெரிந்ததெல்லாம் சமையலறையிலிருந்து வரும் ஒரு சத்தம்.

வீட்டுக்குப் போய், வெட்கத்தை விட்டுக் கேட்டே விட்டாள்: “நீங்க பெரியத்தையா, சின்னத்தையா?”

“இத்தனை வருஷம் யாருன்னு பார்த்தா கூப்ட்டே?” என்றாள் அத்தை, கோபமில்லாமல். “பொத்தாம்பொதுவா அத்தைன்னு ஒரு குரல் குடுப்பே. எவ பக்கத்துல இருந்தாளோ அவ வந்தா.”

தெருவில் ஒரு வாரம் இதையே பேசினோம். பிறகு தண்ணீர்க் குழாய் உடைந்தது, பேச்சு அங்கே போய்விட்டது. அவள் மட்டும் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் சினிமா, தோழி என்று பறந்துகொண்டிருந்தவள், அத்தையின் எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கவனிக்கத் தொடங்கினாள். முட்டி வலிப்பது பெரியவளுக்கு. மாடிப்படி ஏறும்போது மட்டும் அவள் அந்த உடம்பில் வெளிப்பட்டாள். ரேடியோவோடு சேர்ந்து முனகியது சின்னவள். ஒருத்தி காற்றுக்கு ஜன்னலைத் திறப்பாள், தூசி என்று மற்றவள் எழுந்து சாத்துவாள். எழுந்ததும் உட்கார்ந்ததும் ஒரே உடம்பாகையால் மூச்சு வாங்கும். சில வருஷங்களில் ஒரு தைலப் புட்டிகூட மிச்சமில்லாமல் எது யாருடையது என்று சொல்ல அவளால் முடிந்தது. அதற்குள் கடை கைமாறி, டேட்டாபேஸ்காரர் வேறு வேலைக்குப் போய், புது முறை வந்திருந்தது. அதில் பழைய வாடிக்கையாளர்களுக்கு மொத்தத் தொகை மட்டும்தான் வைத்திருந்தார்கள். பிரிக்க அதில் ஒன்றுமே இல்லை. அது தெரிந்த அன்று அவள் பஸ் ஏறாமல் நடந்தே வந்தாள். நாங்கள் கூப்பிட்டோம், காதில் விழவில்லை.

போன மாதம் வீடு வீடாகக் கணக்கெடுக்க ஒருவர் வந்தார். மூலைவீட்டில் எத்தனை பேர் என்று கேட்டதற்கு மூன்று என்றாள். இரண்டு அத்தைகளின் பெயரையும் தனித்தனியாக, முழுசாகச் சொன்னாள். யாருக்கு முட்டிவலி, யாருக்குப் பாட்டு என்பதையும் அவர் கேட்காமலே சொன்னாள். அவர் உள்ளே எட்டிப் பார்த்தார். ஒருத்திதான் உட்கார்ந்திருந்தாள். மூன்று என்று எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.