கோழிக்கு வைத்த அரிசி

நாலு வருஷம். கல்யாணமாகி மன்னார்புரத்து வீட்டுக்கு வந்த இந்த நாலு வருஷத்தில் அக்னஸ் ஒரே ஒரு நாள்தான் அந்த அடுப்பில் உலை வைத்திருக்கிறாள். அன்றைக்குச் சோறு குழைந்துவிட்டது. அவ்வளவுதான், குடி முழுகிப் போன மாதிரி, அரிசி அளக்கும் ஆழாக்கை நாத்தனார் சகாயம்மாள் பிடுங்கி வைத்துக்கொண்டாள்.

"மண்ணச்சநல்லூர்ல பொறந்தவ. ஊரு பூரா அரிசி மில்லு. சோறு வடிக்கத் தெரியல பாருங்க!" வருகிறவர் போகிறவரிடமெல்லாம் இதே பேச்சு.

அக்னஸின் அப்பா மில்லில் மூட்டை தூக்குகிறவர். அவர் வீட்டுக்குக் கொண்டு வந்ததெல்லாம் புது அரிசி. அது குழையத்தான் செய்யும். அதைத் தின்றுதான் ஐந்து பிள்ளைகளும் வளர்ந்தார்கள். போன மாதம் ஆசை ஆசையாய் ஒரு சாக்கு புதுப் பச்சரிசியைச் சுமந்துகொண்டு பஸ் ஏறி வந்தார் மனுஷர். சகாயம்மாள் ஒரு பிடி அள்ளிப் பார்த்துவிட்டு, "கோழிக்கு ஆகும்" என்றாள். அவர் முகத்துக்கு நேராகவே சொன்னாள். சொன்னதோடு விட்டாளா, போடவும் செய்தாள். அக்னஸுக்கு அன்றைக்குப் பற்றிய வயிற்றெரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

இப்படி இருக்கையில்தான், அந்த எண்பத்து மூன்றாம் வருஷம், அவள் புருஷன் இருதயநாதன் லீவில் வந்தான். சரக்குக் கப்பலில் சமையல் வேலை. பெட்டியைத் திறந்து கறுப்பாய்ப் பத்துத் தாளும் ஒரு சின்ன மூங்கில் பாயும் எடுத்து வைத்தான்.

"கடற்பாசி. ஜப்பான்காரன் இதுல சோத்தைப் பரப்பி, நடுவுல மீன் வச்சுச் சுருட்டித் திம்பான். சூஷின்னு பேரு. ஞாயித்துக்கெழம எல்லாரும் சேந்து செய்வோம்."

"கார்பன் பேப்பரைத் திங்கச் சொல்றியாடா?" என்றாள் சகாயம்மாள். ஆனாலும் சோறு வைக்கும் வேலையை அடுத்தவளுக்கு விடுவாளா?

ஞாயிறு பூசை முடிந்து வந்து கூடத்தில் வட்டமாய் உட்கார்ந்தார்கள். இருதயநாதன் வறுத்த வஞ்சிரத்தில் முள் எடுத்தான். அக்னஸ் வெள்ளரிக்காயை நீளமாய் நறுக்கினாள். மாமனார் அருள்நாதன் மூங்கில் பாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சகாயம்மாளின் சோறு வந்தது. பழைய புழுங்கலரிசி, கஞ்சி சுத்தமாய் வடித்து, ஒன்றோடொன்று ஒட்டாத சோறு. வினிகர் தெளித்துப் பரப்பிச் சுருட்டிக் கத்தியை வைத்ததுதான் தாமதம், பொலபொலவென்று கொட்டியது. அடுத்ததும் கொட்டியது. ஆறு தாள் பாழ்.

"சோறு ஒட்டணும்க்கா."

"மனுஷன் திங்கிற சோறு ஒட்டாதுடா."

அக்னஸ் எழுந்தாள். "நான் வைக்கிறேன்."

"நீயா? சுருட்டுறதுக்கா, செவுத்துல போஸ்டர் ஒட்டுறதுக்கா?"

"ரெண்டுக்கும் ஆகும் அண்ணி."

விறுவிறுவென்று கொல்லைக்குப் போய், கோழிக்கூண்டுப் பக்கம் கிடந்த சாக்கை அவிழ்த்தாள். ஆழாக்கைக் கேட்கவில்லை; கையாலேயே அள்ளினாள். களைந்து, அளவாய்த் தண்ணீர் வைத்து, வடிக்காமல் மூடினாள். இதுவும் உதிர்ந்துவிட்டால் இந்த வீட்டில் அவளும் அவள் அப்பாவும் காலத்துக்கும் தலை நிமிர முடியாது.

ஆறியதும் அவளே பரப்பினாள், அவளே சுருட்டினாள். இருதயநாதன் கத்தியை ஈரமாக்கி வெட்டினான். துண்டுகள் வட்ட வட்டமாய் நின்றன. ஒரு பருக்கை சிந்தவில்லை.

மாமனார் ஒன்றை வாயில் போட்டார். இன்னொன்று. அப்புறம் தட்டையே பக்கத்தில் இழுத்துக்கொண்டார்.

"பாசி ஒரு மாதிரி நாத்தந்தான். ஆனா அடேங்கப்பா, சோறு! பல்லு போன எனக்கு இப்படி ஒரு வாய் போட இத்தனை நாளா ஆளில்லையே. எந்தக் கடை அரிசிம்மா?"

சகாயம்மாள் வாசல் பக்கம் பார்த்தாள்.

"எங்கப்பா சுமந்துட்டு வந்தது மாமா. கோழிக்கு வச்சிருந்தாங்க" என்றாள் அக்னஸ்.

அருள்நாதன் மெல்லுவதை நிறுத்திவிட்டு மகள் சகாயம்மாளைப் பார்த்தார்.

"ஏதோ இந்தக் கருமத்துக்கு ஆச்சு" என்று முனகியபடி சகாயம்மாள் எழுந்தாள். "ராத்திரிச் சோத்துக்கு அரிசி அளக்கணும்."

அக்னஸ் முந்திக்கொண்டாள். அலமாரியின் மேல்தட்டுக்கு எக்கி ஆழாக்கை எடுத்து, கையில் இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாம் அண்ணி. இனிமே இந்த வீட்டுக்குச் சோறு நான் வைக்கிறேன். நீங்க வடிச்சது அவ்வளவும் அப்படியே கெடக்கு பாருங்க." பாயைச் சுற்றிச் சிந்திக் கிடந்த பருக்கைகளைக் காட்டினாள். "கோழிக்கு ஆகும்."