நயாகரா பார்க்க வந்தவன்

அப்பா செத்ததைத் தம்பிக்குச் சொல்லக்கூடாது என்று தீர்மானித்தவர் என் மனுசன் சிவபாதம். தீர்மானங்களுக்கு எங்கள் வீட்டில் பஞ்சமில்லை.

2009 ஏப்ரல் கடைசியில் முள்ளிவாய்க்காலில் ஷெல் விழுந்து அப்பா போய்விட்டார். சண்டை முடிந்து முகாமுக்கு வந்தபிறகுதான், அம்மா யாரிடமோ போன் வாங்கி ரொறொன்ரோவுக்கு அழைத்து எனக்குச் சொன்னா. ஞாயிற்றுக்கிழமை இங்கே முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை. ஒரே மகன் பத்மநாதன் நியூஜேர்சியில் இருக்கிறான். அவன் வந்துதான் செய்யவேண்டும்.

அவனோ நியூஸ் பார்த்துப் பார்த்து நொந்துபோய், எங்கேயாவது ஓடிவிட நின்றான். அமெரிக்கப் பாஸ்போட் வேறு காலாவதி. "பாஸ்போட் இல்லாமல் நாங்கள் போகக்கூடிய இடம் கனக்க இருக்கு அக்கா. புவேர்ட்டோ ரிக்கோ, வேர்ஜின் தீவு, குவாம்கூட," என்றான்.

என் மனுசன் போனைப் பறித்தார். "உதெல்லாம் என்னத்துக்கு? நயாகரா பாக்க வாவன். ஜூன் பிறந்தால் காரிலை வந்து போறதுக்கும் பாஸ்போட் வேணும். இப்ப லைசென்சும் சிற்றிசன் பேப்பரும் காணும்."

போனை வைத்ததும் நான் முறைத்தேன். "இவ்வளவு தூரம் தனிய ஓடி வாறவனுக்கு உதைச் சொல்லி, அவன் வழியிலை அடிபட்டுச் சாகவோ?" என்றார். எங்கள் ஆட்கள் இப்படித்தான். சாவுச் செய்தியை வீட்டுக்குள் கூப்பிட்டு இருத்தித்தான் சொல்லுவோம். நானும் வாயை மூடிக்கொண்டேன்.

சனிக்கிழமை மத்தியானம் போன் அடித்தது. எல்லையிலிருந்து கனடா அதிகாரி.

"உங்கள் தம்பி உல்லாசப் பயணம் என்கிறார். தனி ஆள், சின்னப் பை, ஹோட்டல் இல்லை, கமரா இல்லை. வேலை தேடி இங்கேயே தங்கப் போகிறாரா?"

இவர் பக்கத்தில் நின்று, "ஹொலிடே எண்டு சொல்லு, ஹொலிடே," என்று கிசுகிசுத்தார்.

"ஹொலிடேதான்," என்றேன்.

"எங்கெங்கே போகப் போகிறீர்கள்?" "நயாகரா... பிறகும் நயாகரா," என்றேன். "மேடம், உண்மையைச் சொல்லாவிட்டால் இவரைத் திருப்பி அனுப்புவேன்."

அனுப்பிவிட்டால் நாளைக்கு ஏஜக்ஸ் ஏரிக்கரையில் அப்பாவுக்கு எள்ளும் தண்ணியும் இறைக்க மகன் இல்லை. கோபத்தில் மனுசனைத் தள்ளிவிட்டு, தெரிந்த இங்கிலீசில் எல்லாவற்றையும் கொட்டினேன். அப்பா செத்துவிட்டார், நாளைக்குக் கிரியை, தம்பிதான் செய்யவேண்டும், அவனுக்கு ஒன்றும் தெரியாது, தயவுசெய்து நீங்கள் சொல்லிவிடாதீர்கள்.

பிறகு அதிகாரி தணிந்த குரலில், "நான் இவரை விடுகிறேன்," என்றார். "ஆனால், மன்னியுங்கள், போன் ஸ்பீக்கரில் இருக்கிறது. இவர் என் முன்னால்தான் நிற்கிறார்."

என் மனுசன் தலையில் கைவைத்துக்கொண்டு கதிரையில் இருந்துவிட்டார்.

"அக்கா," என்றான் பத்மநாதன். அழவில்லை. "ஆர் கொள்ளி வைச்சது?"

அதற்கும் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். என்னால் ஏலவில்லை.

"ஒருத்தரும் வைக்கேல்லை தம்பி. அம்மாதான் தனியக் கிடங்கு கிண்டி அப்பாவை மண்ணுக்குள்ளை தாட்டது."