இரண்டு அட்டைக் குடும்பம்

உங்கள் குடும்பத்தில் எத்தனை பேர் என்று கேட்டால் யோசிக்காமல் பதில் சொல்லிவிடுவீர்களா? எங்கள் அகதி முகாமில் அவசரப்பட்டுச் சொல்லிவிடக் கூடாது. ஓர் அட்டையில் எத்தனை பெயரோ, அதுதான் அங்கே குடும்பம். ஓர் அட்டைக்கு ஓர் அடுப்பு, ஒரு வாளி, ஒரு தார்ப்பாய். எட்டுப் பேர் இருந்தாலும் அவ்வளவுதான், இரண்டு பேர் இருந்தாலும் அவ்வளவுதான்.

நான் அங்கே மொழிபெயர்ப்பாளன். நானும் ஓடி வந்தவன்தான். இரண்டு மொழி தெரியும் என்பதால் மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார வைத்திருந்தார்கள். என் அட்டையில் என் பெயர் மட்டும்.

தையல்காரர் வந்து இறங்கியபோது கூட ஐந்து பேர். மனைவி, இரண்டு பிள்ளைகள், தம்பி மனைவி, அவளுடைய கைக்குழந்தை. தம்பி முன்னாலேயே கிளம்பிப் போனவர், எங்கே இருக்கிறார் என்று தகவல் இல்லை. ஆறு பேருக்கு ஒரு தார்ப்பாய் எந்த மூலைக்கு? நான்தான் காதோடு சொன்னேன்.

"அண்ணே, ரெண்டு அட்டையாப் போட்டுக்குங்க. எல்லாம் ரெண்டு ரெண்டாக் கிடைக்கும்."

வருகிறவர்கள் எல்லோருக்கும் நான் சொல்கிற யோசனைதான் அது.

கிடைத்தது. அடுப்பும் இரண்டு கிடைத்தது, அதுதான் வினை. வழியெல்லாம் ஒரே பானையில் ஆக்கித் தின்ற ஓரகத்திகள் மூன்றாவது வாரமே தனித்தனியாக உலை வைத்தார்கள். உப்புக் கூடிவிட்டது என்றாளாம் இளையவள். "அப்ப உன் நாக்குக்கு நீயே ஆக்கிக்கோ" என்றாளாம் பெரியவள். எல்லோரும் தங்கியிருந்த ஒரே அறைக்கு நடுவில் கயிறு கட்டிப் போர்வையைத் தொங்கவிட்டுவிட்டார்கள். ஐந்து மாதம் பேச்சு வார்த்தை இல்லை.

அப்போதுதான் பட்டியல் வந்தது, நிரந்தரமாகக் குடியேற வேறொரு நாடு ஏற்றுக்கொண்டவர்களின் பட்டியல். தையல்காரர் அட்டை இருந்தது. நான்கு பேர், வியாழக்கிழமை காலை ஏழு மணிப் பேருந்து. இளையவள் அட்டை இல்லை.

தையல்காரர் என் மேசைக்கு வந்தார். "தம்பி, நீ சொன்னதத்தானே கேட்டேன்? பச்சப்புள்ளைய வச்சிக்கிட்டு அவ இங்க தனியா நிக்கணுமா?" என்றார். சத்தம் போட்டிருந்தால்கூடத் தேவலை.

அட்டைகளைப் பதிவு செய்கிற அதிகாரி மேடத்திடம் ஓடினேன். இரண்டு அட்டையை ஒன்றாக்க வழி இருக்கிறது, ஆனால் ஒரே அடுப்பில்தான் சாப்பிடுகிறார்களா என்று நேரில் பார்க்க வேண்டும் என்றார். புதன்கிழமை மதியம் வருவதாகச் சொன்னார்.

முந்திக்கொண்டு அறைக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன்.

"எனக்காக யாரும் நாடகம் ஆட வேணாம். அவங்க போகட்டும்" என்றாள் இளையவள்.

போர்வைக்கு அந்தப் பக்கத்திலிருந்து பெரியவள் குரல் வந்தது. "கேட்டீங்களா? மகாராணி உத்தரவு குடுத்துட்டாங்க."

சொன்னாளே தவிர, கயிற்றை அவிழ்த்ததும் அவள்தான். இளையவளின் அடுப்பைத் தூக்கித் துணி மூட்டைக்குள் திணித்ததும் அவள்தான்.

மேடம் வந்தார். ஓர் அடுப்பு, ஒரு பானை. தலையாட்டிவிட்டுப் படிவத்தை எடுத்தார். பிறகு ஒன்று சொன்னார். சேர்த்தால் அது புது அட்டை. புது அட்டைக்கு வரிசையும் புதுசு. நாளைப் பேருந்து கிடையாது. ஒரு வருடமும் ஆகலாம், மூன்று வருடமும் ஆகலாம்.

இந்த விதி எனக்கே அப்போதுதான் தெரியும். ஒரு சொல் விடாமல் அப்படியே சொன்னேன்.

தையல்காரர் மனைவியைப் பார்த்தார்.

"அக்கா, போங்க. பிள்ளைங்க படிப்பு கெட்டுடும்" என்றாள் இளையவள்.

பெரியவளுக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. "அஞ்சு மாசம் கழிச்சு வாயத் திறக்கிறவ, போன்னுதான் திறக்கணுமா? உன் புருஷன் ஒருநாள் வந்து நின்னு, எங்கே என் பொண்டாட்டின்னு கேட்டா நான் என்னடி சொல்றது? அங்க போயி நான் யாரோட சண்டை போடுவேன், இவரோடவா? நான் பாதி திட்டி முடிக்கிறதுக்குள்ள இவரு தூங்கிருவாரு!"

இளையவள் குழந்தையின் மூக்கைத் துடைத்தாள். துடைக்க அங்கே ஒன்றும் இல்லை.

என்ன சொல்கிறார்கள் என்று மேடம் என்னைக் கேட்டார்.

"சேர்த்துவிடச் சொல்கிறார்கள்" என்றேன்.

தையல்காரர் பேனாவை வாங்கிப் படிவத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"போடுங்க கையெழுத்த. சட்டைக்கு அளவா எடுக்கிறீங்க?" என்றாள் பெரியவள்.

போட்டார்.

மறுநாள் காலை ஏழு மணிக்குப் பேருந்து வந்தது. அவர்களுடைய நான்கு இடத்தையும் பதினோராம் அறைக்காரர்களுக்குக் கொடுத்தார்கள். ஏழு இருபதுக்குப் பேருந்து கிளம்பியது.