எட்டாவது பிளக்

தேவநாதனுக்கு அந்தச் செய்தி போனில் வந்தது. சொன்னவர் கிருஷ்ணவேணி அம்மாதான், அதுவும் சிரித்துக்கொண்டே.

"தேவா, மெட்ராஸ்லேர்ந்து வந்துகினு இருந்தேனா, திண்டிவனம் கிட்ட வந்ததும் வண்டி இழுக்கவே மாட்டேன்னுடுச்சி. மரக்காணம் ரோட்ல புனிதான்னு ஒரு பொண்ணு ஒர்க்‌ஷாப் வச்சிருக்கு. டிக்கியில நீ வச்சிருந்த புது பிளக்கை எடுத்து எட்டையும் மாத்திக் குடுத்துடுச்சிப்பா. ஒரு மணி நேரம்கூட ஆவலை!"

"எட்டுமாங்கம்மா?"

"எட்டும்தான். ஏன் கேக்குற?"

"சும்மாதாங்கம்மா," என்று சொல்லிப் போனை வைத்தான். விழுப்புரம் கிழக்கு பாண்டி ரோட்டில் இருந்த அவனுடைய பட்டறையில் அன்று நாலு வண்டிகள் நின்றன. எதைத் தொட வந்தோம் என்பதே அவனுக்கு மறந்துபோனது.

அந்தக் கார் அறுபதுகளில் இங்கிலாந்தில் செய்தது. சிவப்பு நிறம், இரண்டே சீட்டு, மேலே மடக்குத் துணிக்கூரை. வளவனூரில் ரைஸ்மில் வைத்திருந்த கிருஷ்ணவேணி அம்மாவின் வீட்டுக்காரர் ஆசைப்பட்டு வாங்கியது. பதினோரு வருஷத்துக்கு முன்னால் அவர் இறந்ததும், விற்றுவிடுவார்கள் என்று ஊரே நினைத்தது. அம்மா விற்கவில்லை. மில்லையும் காரையும் தானே ஓட்டத் தொடங்கினார். காரைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பைத் தேவநாதனிடம் கொடுத்தார்.

சின்ன இன்ஜினுக்காகக் கட்டிய உடம்புக்குள், எட்டு சிலிண்டர் இன்ஜினை எவனோ ஒரு வெள்ளைக்காரன் அழுத்தித் திணித்திருந்தான். சிலிண்டருக்கு ஒன்றாக எட்டு ஸ்பார்க் பிளக். ஏழு சுலபமாகக் கழன்றுவிடும். இடது வரிசையில் கடைசியாக, இன்ஜினுக்கும் சீட்டுக்கும் நடுவிலுள்ள தகட்டை ஒட்டியிருக்கும் எட்டாவதுதான் உயிரை வாங்கும். மேலேயிருந்து கையை விட்டால் புகைக்குழாய் தடுக்கும். கீழேயிருந்து விட்டால் காரின் அடிச்சட்டமான சேசிஸ் தடுக்கும். தேவநாதன் இன்ஜினைச் சேசிஸோடு பிணைக்கும் மவுண்ட் போல்ட்டுகளைக் கழற்றி, ஜாக்கி கொடுத்து இன்ஜினை நாலு விரற்கடை தூக்கி, அடியில் மல்லாந்து படுத்து, கண்ணால் பார்க்காமல் விரலாலேயே தேடி அதைக் கழற்றுவான். முழுசாக இரண்டு நாள் பிடிக்கும். அந்த இரண்டு நாளும் மற்ற மெக்கானிக்குகள் டீ குடிக்கிற சாக்கில் வந்து நின்று பார்ப்பார்கள். பாண்டிச்சேரியில் பழைய கார் வைத்திருக்கும் பெரிய மனிதர்கள்கூட அவனைப் பெயர் சொல்லி விசாரித்தார்கள். வேறு எதற்கும் அவனை யாரும் அப்படி விசாரித்ததில்லை.

அதை ஒருத்தி ஒரு மணி நேரத்தில் முடித்துவிட்டாள்.

அன்று சாப்பிடும்போது மனைவி அம்சவள்ளியிடம் சொன்னான்.

"பொம்பள கை சின்னதா இருக்கும்ல, அதான் உள்ள பூந்திருக்கும்."

"அப்ப சரி, உட்டுடு."

"அது எப்பிடி பூரும்? என் கையில பாதி கைகூட அந்த சந்துல போவாது."

"பூரும்னும் நீயே சொல்ற, பூராதுன்னும் நீயே சொல்ற. சோத்த துன்னு."

மறுநாள் காலையிலேயே கிருஷ்ணவேணி அம்மாவின் வீட்டுக்குப் போனான். வழக்கமான செக்கப் என்று சொல்லி காரைக் கிளப்பினான். எட்டு சிலிண்டரும் ஒரே சீராக ஓடுவதாகவும், ஒன்றில்கூடப் பழைய பிளக் இல்லை என்றும் அவன் காது சொன்னது. இருபத்தைந்து வருஷமாக இன்ஜின் சத்தம் கேட்ட காது அது. ஆனால் அன்றைக்கு அதை நம்ப அவனுக்கு மனசு வரவில்லை. இன்ஜினை அணைத்துவிட்டு, டார்ச்சோடு அடியில் நுழைந்தான்.

மவுண்ட் போல்ட்டுகளை முறுக்கியதும் போல்ட்டின் தலையிலிருந்து சேசிஸ் வரைக்கும் மஞ்சள் பெயின்டில் ஒரு கோடு போட்டுவிடுவது அவன் வழக்கம். போல்ட் கொஞ்சம் திரும்பினாலும் கோடு உடைந்து காட்டிக் கொடுத்துவிடும். நாலு போல்ட்டிலும் கோடு அலுங்காமல் இருந்தது.

இன்ஜினைத் தூக்கவே இல்லை. தூக்காமல் எட்டாவதைத் தொட முடியாது. அப்படியென்றால் அவள் ஏழு பிளக்கை மாற்றிவிட்டு எட்டு என்று பொய் சொல்லியிருக்கிறாள்.

காருக்கு அடியில் படுத்தபடியே தேவநாதன் சிரித்தான். நேற்றிலிருந்து நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாறாங்கல்லை யாரோ தூக்கி எறிந்த மாதிரி இருந்தது. டிக்கியைத் திறந்து, அவள் கழற்றிப் போட்டிருந்த பழைய பிளக்குகளை எண்ணிப் பார்த்திருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். அவன் திறக்கவில்லை. அம்மாவிடமும் ஒன்றும் சொல்லவில்லை. வெளியே வந்து, விழுப்புரம் சுற்றுவட்டார மெக்கானிக்குகளின் வாட்ஸ்அப் குரூப்பில் பேசிப் போட்டான்.

"திண்டிவனத்துல ஒரு பொம்பள கட போட்டுகினு ஊர ஏமாத்தினு இருக்குது. ஏழு பிளக்க மாத்திட்டு எட்டுன்னு சொல்லி அனுப்பிச்சிருக்குது. எங்கிட்ட ப்ரூஃப் இருக்குது. கஸ்டமருங்க ஜாக்கிரதையா இருக்க சொல்லுங்க."

நூற்றுப் பதினாறு பேர் கேட்டார்கள். சிரிக்கிற முகங்கள் வந்து குவிந்தன. அன்று மத்தியானம் தேவநாதன் இரண்டு தட்டு பிரியாணி சாப்பிட்டான்.

அதிலிருந்து மூன்றாம் நாள் கிருஷ்ணவேணி அம்மா கூப்பிட்டார். குரலில் சிரிப்பு இல்லை. "உடனே வா," என்றார், அவ்வளவுதான்.

போனபோது கார் ஷெட்டுக்கு வெளியே நின்றது. பக்கத்தில் முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண். சுடிதாருக்கு மேலே காக்கிச் சட்டை போட்டிருந்தாள். காலடியில் டூல் பை. திண்டிவனத்திலிருந்து அதைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் வந்திருக்கிறாள். கை அப்படியொன்றும் சின்னதில்லை. அவனுடைய கையைப் போலவே முட்டி முட்டியாக இருந்தது. அதுதான் அவனை முதலில் உறுத்தியது.

"நீங்கதான் தேவநாதன் அண்ணனா?" என்று கேட்டாள். "நீங்க பேசினத எங்க ஊர் டயர் கடைக்காரர் எனக்கே போட்டுக் காட்டினாரு. நேத்து ரெண்டு கஸ்டமர் வண்டிய திருப்பி எடுத்துகினு போயிட்டாங்க. மூணாவது ஆளு, 'எம்மா, என் வண்டியில எத்தினி மாத்தின, எத்தினி உட்ட?'ன்னு எல்லார் எதிர்லயும் கேக்குறாரு. ப்ரூஃப் இருக்குதுன்னீங்கள்ல? காட்டுங்க."

தேவநாதன் காருக்கு அடியைக் காட்டினான். "மவுண்ட் போல்ட்டுல என் மார்க் அப்பிடியே இருக்குது. இன்ஜின தூக்காம எட்டாவத கழட்ட முடியாதும்மா. பதினோரு வருஷமா நான் பாக்குற வண்டி."

"இன்ஜின தூக்குனேன்னு நான் சொன்னனா?"

கிருஷ்ணவேணி அம்மா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "செஞ்சி காட்டும்மா. பாக்கட்டும்."

புனிதா செருப்பைக் கழற்றினாள். இடது பக்கக் கதவைத் திறந்து, சீட்டைப் பின்னுக்குத் தள்ளி, தலைகீழாகக் குனிந்து உள்ளே நுழைந்தாள். கால் இரண்டும் கதவுக்கு வெளியே தொங்கின. கால் வைக்கிற இடத்திலிருந்த கார்பெட்டின் மேல்முனையைப் பிடித்து உரித்தாள். கார்பெட்டுக்குப் பின்னால், தகட்டில், டீ கிளாஸ் வாயளவுக்கு ஒரு கறுப்பு ரப்பர் மூடி இருந்தது. அதை நெம்பி எடுத்தாள். அடியில் ஓட்டை. நீள ராடு மாட்டிய சாக்கெட் ஸ்பேனரை அதில் விட்டு நாலு சுற்று சுற்றினாள். எட்டாவது பிளக் அவள் கையோடு வந்தது.

புத்தம் புதுசு. தேவநாதன் வாங்கி வைத்த அதே கம்பெனி, அதே நம்பர்.

காரைச் செய்தவன் கை போக வழியும் செய்துதான் வைத்திருக்கிறான். பதினோரு வருஷமாக அவன் இன்ஜினைத் தூக்கியதும், முதுகு தேய அடியில் கிடந்ததும், மணிக்கட்டில் வாங்கிய சூடும் எதற்கும் தேவைப்பட்டிருக்கவில்லை. யாராவது சிரித்திருந்தால் கோபப்பட்டாவது தப்பித்திருப்பான். யாரும் சிரிக்கவில்லை.

"எப்பிடி தெரிஞ்சிது உனக்கு?" என்று கேட்டான்.

"தெரியாதுண்ணா. நானும் ஏழு கழட்டிட்டு எட்டாவதுக்கு பேஜாராயி உக்காந்துகினு இருந்தேன். அன்னைக்கி மழ. துணிக்கூரை ஒழுவி கார்பெட்டு நனைஞ்சிருந்துச்சி. சும்மா உக்காந்திருக்கறதுக்கு அத காயவாவது வெப்போம்னு உரிச்சேன். ரப்பரு தெரிஞ்சிது. இது இங்க எதுக்குன்னு புடுங்கிப் பாத்தேன். அவ்ளோதான்."

கார்பெட் அவனிடத்திலும் எத்தனையோ முறை நனைந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் நல்ல துண்டாகப் பார்த்து மேலே போட்டு ஒற்றி எடுப்பான். உரித்ததில்லை. அந்தக் காருக்குள் அவன் அழுத்தி மூச்சுகூட விட்டதில்லை. இவள் ஏதோ ஒரு வண்டி என்று உரித்துப் பார்த்திருக்கிறாள். அவள் கெட்டிக்காரத்தனத்தால் கண்டுபிடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பான். மழை பெய்ததால் கண்டுபிடித்தாள் என்பதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

"தேவா," என்றார் கிருஷ்ணவேணி அம்மா. "உனக்குத் தெரியலைங்கறது ஒண்ணுமில்ல. எனக்கும்தான் தெரியல. எங்கிட்ட ஒரு வார்த்த கேக்காம ஊருக்கெல்லாம் சொன்ன பாரு, அதுக்கு என்ன சொல்லப்போற?"

எட்டும் சீராக ஓடுவதாக அன்றைக்கே காது சொன்னதை அவன் அம்மாவிடம் சொல்லவில்லை. ஆனால் அவனுக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தேதான் பேசினான்.

புனிதா பிளக்கை மறுபடி மாட்டி, மூடியை அடைத்து, கார்பெட்டை ஒட்டிவிட்டு எழுந்தாள். "அண்ணா, எனக்கு வேற எதுவும் வேணாம். எந்த குரூப்ல பேசுனீங்களோ அதே குரூப்ல பேசுங்க. இப்பவே. நான் கேக்கணும்."

தேவநாதன் போனை எடுத்தான். பட்டனை அழுத்திக்கொண்டு பேசினான். "அன்னைக்கி நான் சொன்னது தப்பு. திண்டிவனத்துல அந்தப் பொம்பள எட்டு பிளக்கும் மாத்தினது உண்மதான்..."

"பொம்பளன்னா எந்தப் பொம்பள?" என்று புனிதா குறுக்கிட்டாள். "அன்னைக்கி பேரு சொல்லாமலே எல்லாருக்கும் அது நான்தான்னு தெரிஞ்சிதுல்ல? இப்ப பேர சொல்லுங்க. கட எங்க இருக்குதுன்னும் சொல்லுங்க."

அதை அழித்துவிட்டு மறுபடி அழுத்தினான். பெயர் நாக்கில் முள்ளாக நின்றது.

"திண்டிவனம் மரக்காணம் ரோட்ல கட வச்சிருக்குற மெக்கானிக் புனிதா, எட்டு பிளக்கும் சரியாதான் மாத்தியிருக்காங்க. இன்ஜின தூக்காம மாத்த வழி இருக்குது. எனக்கு அது தெரியல. அவங்களுக்குத் தெரிஞ்சிது. எரிச்சல்ல தப்பா பேசிட்டேன். நான், கிழக்கு பாண்டி ரோடு தேவநாதன்."

எரிச்சல் என்று சொல்லச்சொல்லி யாரும் கேட்கவில்லை. தானாக வாயில் வந்துவிட்டது. புனிதா அவனை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு சாக்கெட்டைத் துடைத்துப் பைக்குள் போட்டாள்.

"வாம்மா, பஸ் ஸ்டாண்ட்ல விட்டுர்றேன்," என்று கிருஷ்ணவேணி அம்மா சாவியை எடுத்தார்.

தேவநாதன் போய் கேட்டைத் திறந்துவிட்டான். புனிதா டூல் பையை மடியில் வைத்துக்கொண்டு இடது சீட்டில் உட்கார்ந்தாள். பதினோரு வருஷத்தில் அந்தக் காரை அவன் எத்தனையோ தடவை ஓட்டிப் பார்த்திருக்கிறான். அந்தச் சீட்டில் அவனை உட்காரவைத்து அம்மா ஒருநாளும் ஓட்டியதில்லை. கார் தெருமுனை திரும்பும்வரை, துணிக்கூரையை மடக்கியிருந்த அந்தச் சிவப்புக் காருக்குள் இரண்டு தலைகளும் ஏதோ பேசிக்கொண்டு போவது தெரிந்தது. சிரிப்புச் சத்தமும் கேட்டது.

போன் அடித்துக்கொண்டே இருந்தது. சிலர் கிண்டல் பண்ணியிருந்தார்கள். வேறு யாரோ அனுப்பிக் கேட்ட வளவனூர் சகாயராஜ் மட்டும், "அந்த மேடம் நம்பர் இருக்குதா? என் பழைய ஜீப்ப ஒருதபா காட்டணும்," என்று கேட்டிருந்தான். சகாயராஜ் பத்து வருஷமாக ஜீப்பைத் தேவநாதனிடம்தான் விட்டுவந்தான்.

இல்லை என்று சொல்லிவிடலாம். உண்மையிலேயே அவனிடம் நம்பர் இல்லை. அதையே இரண்டு முறை தட்டினான், இரண்டு முறையும் அழித்தான். கடைசியில் கேட்டுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தான். அரைமணி கழித்து அம்மா தனியாகத் திரும்பி வந்ததும், நம்பரைக் கேட்டு வாங்கி சகாயராஜுக்கு அனுப்பினான்.

அனுப்பினால் வயிறு குளிரும் என்று நினைத்தான். குளிரவில்லை. அம்மாவிடம் சொல்லிக்கொண்டு பட்டறைக்குப் போய், கையில் கிடைத்த வண்டியின் பானெட்டைத் தூக்கினான்.