கட்டையடியில் ஒரு ஜோடி

ஐஸ் கம்பெனியில் விடிகாலை வேலையை முடித்துவிட்டுப் பத்தரை மணிக்கு அவள் கடற்கரைக்கு வந்தபோது, கரை துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. ஒரு பாட்டில் இல்லை, ஒரு பிளாஸ்டிக் பை இல்லை. காலேஜ் பிள்ளைகள் நாற்பது பேர், கையில் உறை மாட்டிக்கொண்டு, குப்பை மூட்டைகளை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நல்லா இருக்கட்டும் பிள்ளைகள் என்று நினைத்துக்கொண்டே, படகு கட்டும் கட்டைக்குப் போனாள்.

செருப்பைக் காணவில்லை.

கடலுக்குப் போகிறவர்கள் செருப்போடு படகில் ஏறுவதில்லை. கரையிலேயே கழற்றிப் போட்டுவிட்டுப் போவார்கள், வந்ததும் மாட்டிக்கொள்வார்கள். இன்னொருத்தன் கை அதில் படாது. அவள் புருஷனும் இந்தக் கட்டையடியில்தான் போட்டுவிட்டுப் போனான். படகும் திரும்பவில்லை, ஆளும் திரும்பவில்லை. பதினோரு மாதம் ஆகிவிட்டது. தண்ணீர் ஏறுகிற நாளில் செருப்பை மேலே தள்ளி வைப்பாள். மணல் மூடினால் தட்டி வைப்பாள். "வீட்டுக்காவது எடுத்துட்டுப் போயிடுங்க அண்ணி" என்று கொழுந்தன் ஒருமுறை சொன்னான். "ஏன், உங்க அண்ணன் வந்து இறங்கி, இந்தச் சுடுமணல்ல வெறுங்காலோட வீட்டுக்கு நடக்கணுமா?" என்று கேட்டாள்.

அவள் லாரியைப் பார்த்து ஓடினாள். கூட்டாளிகள் 'கண்ணாடி' என்று கூப்பிடுகிற ஒரு பெண், அட்டையில் தாளைச் செருகி எண்ணிக்கை எழுதிக்கொண்டிருந்தாள்.

"பாப்பா, அந்தக் கட்டைக்கு அடியில செருப்பு கிடந்துச்சே, எடுத்தீங்களா?"

"எந்தச் செருப்புக்கா? முந்நூத்திப் பன்னெண்டு செருப்பு எடுத்திருக்கோம்!" குரலில் அவ்வளவு பெருமை.

"அது குப்பை இல்ல பாப்பா. என் வீட்டுக்காரர் போட்டுட்டுப் போனது. கடலுக்குப் போயிருக்கார்."

"ஐயோ, எப்போ வருவார்?"

அவள் கைநீட்டி லாரியிலிருந்த ஒரு மூட்டையைப் பிடித்து இழுத்தாள். கண்ணாடி அந்த முகத்தைப் பார்த்தாள். பிறகு பேனாவை மூடிவிட்டுக் கத்தினாள். "டேய், செருப்பு மூட்டை எல்லாத்தையும் கீழ இறக்குங்கடா!"

"இது என்னம்மா கூத்து?" என்றார் லாரி டிரைவர். "ஏத்தினதை இறக்கவா நான் வந்தேன்?"

"பத்தே நிமிஷம்ணே."

"உங்க காலேஜ்ல பத்து நிமிஷம்னா எவ்வளவு நேரம்னு காலையிலேயே பார்த்துட்டேன்" என்று முணுமுணுத்தார். ஆனாலும் மேலே ஏறி, மூட்டைகளை அவரே தள்ளிவிட்டார்.

கொட்டினால் மலை மாதிரி குவிந்தது. எந்தெந்தக் கரையிலிருந்தோ அலை கொண்டுவந்தவை. குழந்தைச் செருப்பு, குதிகால் வைத்தது, பாசி பிடித்தது. பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்து கிளற ஆரம்பித்தார்கள்.

"அடையாளம் சொல்லுங்கக்கா."

"வார் அறுந்து, பச்சை வலைநூலால தைச்சிருக்கும். நான்தான் தைச்சேன். கோணலா இருக்கும்."

"இதுவாக்கா?" ஒரு பையன் தூக்கிக் காட்டினான்.

"அது பொம்பளைச் செருப்பு தம்பி."

"அப்போ இது?"

"என் வீட்டுக்காரர் என்ன யானையா?"

பிள்ளைகள் சிரித்தார்கள். அவளுக்கும் சிரிப்பு வந்தது.

இடது கால் கிடைத்தது. கோணல் தையல். முந்தானையால் மணலைத் துடைத்து மடியில் வைத்துக்கொண்டாள். வலது கால் கிடைக்கவில்லை. கடைசி மூட்டைவரை பார்த்தாயிற்று.

டிரைவர் கீழே இறங்கி வந்தார். இந்த முறை குரல் தணிந்திருந்தது. "முதல் லோடுல போயிருக்கும் தங்கச்சி. குப்பைக் கிடங்குல கொட்டி, மேல மண்ணையும் தள்ளிட்டாங்க. நான் பார்த்துட்டுத்தான் வந்தேன்."

"நான்தான்கா எடுத்தேன்" என்றாள் கண்ணாடி. "ஒண்ணை ஒரு மூட்டையில போட்டேன், இன்னொண்ணை எதுல போட்டேன்னு தெரியல."

"அழாதே. நீ என்ன கண்டே."

கண்ணாடி அட்டையிலிருந்த தாளில் 312 என்பதை அடித்துவிட்டு 311 என்று எழுதினாள். பிறகு அந்த ஒற்றைச் செருப்பை அவளிடமிருந்து வாங்கி, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு போய்க் கட்டையடியில் வைத்தாள். முனை கடலைப் பார்த்து இருந்தது.

அவள் குனிந்து திருப்பி வைத்தாள். "அப்படி வச்சா போறவருக்கு. இது வர்றவருக்கு. தண்ணியிலேர்ந்து ஏறினதும் கால் நேரா உள்ள போகணும்."

பிறகு தன் வலது காலிலிருந்து செருப்பைக் கழற்றி அதன் பக்கத்தில் வைத்தாள். சின்னது, சிவப்பு வார் போட்டது.

"இது அவருக்குப் பத்தாதேக்கா" என்றாள் கண்ணாடி.

"பத்தாதுதான். வந்து திட்டட்டும்."

மணல் சுட ஆரம்பித்திருந்தது. ஒரு காலில் செருப்பும் ஒரு கால் வெறுங்காலுமாக, அவசரப்படாமல் வீட்டுக்கு நடந்தாள்.