இவானா வைத்த ரொட்டி சூப்

இன்னொரு கிண்ணம் வேண்டும் என்று செட்டிமியோ சைகை காட்டினான். பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதிலிருந்து, எதை வைத்தாலும் இரண்டு வாயோடு முகத்தைத் திருப்பிக்கொள்கிறவன். மனைவி ஓர்னெல்லாவுக்கு உயிர் வந்திருக்க வேண்டும். வயிறுதான் எரிந்தது. ஏனென்றால் அந்த ரொட்டி சூப்பைக் காலையில் வாசலில் வந்து கொடுத்துவிட்டுப் போனவள் இவானா. ஓர்னெல்லாவைக் கட்டுவதற்கு முன் அவனுக்கு நிச்சயமாகியிருந்தவள்.

வெள்ளை பீன்ஸ், கரும்பச்சைக் கோஸ் இலை, காய்ந்த ரொட்டி, மேலே ஒரு சுற்று ஆலிவ் எண்ணெய். இந்த மலையில் எந்த வீட்டில் இல்லை இது? அவன் தூங்கியதும் ஓர்னெல்லா மிச்சத்தைக் கோழிகளுக்குக் கொட்டினாள். அவையும் ஒரு துணுக்கு விடாமல் கொத்தித் தின்றன. அதையும் நின்று பார்த்தாள்.

மறுநாள் தானே வைத்தாள். காலையெல்லாம் அடுப்படியிலேயே நின்று, பன்றித் தோல் கூடப் போட்டு வைத்தாள். ஒரு வாய் வாங்கினான்.

"நேத்து வெச்சது இல்லியா?" நாக்கு குழறியது.

"தீந்துபோச்சு."

ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டான்.

சட்டை மாற்றிவிடும்போது அவன் கழுத்தெலும்புக் குழி இன்னும் ஆழமாகியிருந்ததைப் பார்த்தாள். அதற்குமேல் வீம்பு பிடிக்க முடியவில்லை. சால்வையைப் போர்த்திக்கொண்டு தெருவில் இறங்கி இவானாவின் கதவைத் தட்டினாள்.

"பானையக் குடுக்க வந்தியா?" என்றாள் இவானா.

"இல்ல. என் வீட்டுக்கு வந்து என் அடுப்புல வையி. நான் கூட இருந்து பாக்கணும்."

"எதுக்கு? நான் விஷம் வெக்கிறேனான்னா?"

"வாடின்னா வா."

வந்தாள். வெங்காயம், கேரட், செலரி எல்லாம் ஓர்னெல்லா வதக்குகிற அதே பதம்தான். பீன்ஸ் வெந்ததும் இவானா பாதியை எடுத்து மத்தால் கூழாகக் கடைந்தாள். ரொட்டியையும் விடவில்லை, கரையக் கரைய மசித்தாள்.

"அப்படியே போட்டா அவன் தொண்டைல நிக்கும்டி. எடது பக்கம் இறங்க மாட்டேங்குது."

"ஒனக்கெப்படித் தெரியும்?"

"மாதா கோயில்ல தண்ணி குடிச்சான். பாத்தேன்."

ஓர்னெல்லாவும் பக்கத்தில்தான் இருந்தாள் அன்றைக்கு. அவள் பார்க்கவில்லை.

"இன்னும் அவனையே பாத்துட்டிருக்க."

இவானா கிளறுவதை நிறுத்தவில்லை. "நிச்சயமான வருஷம் இதே சூப்ப ஆசையா வெச்சுக் குடுத்தேன். ஆறிப்போற வரைக்கும் ஒன் வீட்டு ஜன்னலையே பாத்துட்டு ஒக்காந்திருந்தான். ஒனக்கு மட்டுந்தான் வயிறு எரியும்னு நெனச்சியா?"

உள்ளறையிலிருந்து குரல் வந்தது. "ஆச்சா?" யாரைக் கேட்டான் என்று தெரியவில்லை.

இவானா கிண்ணத்தில் ஊற்றி எடுத்தாள். ஓர்னெல்லாவும் கை நீட்டிப் பிடித்தாள். எண்ணெய் வட்டம் வட்டமாக மிதந்து நடுங்கியது. சூடு நான்கு கைகளையும் சுட்டது. இருவரும் விடவில்லை.