வயர்லெஸ் ஊமையான காலை

பட்லுக் அறைந்த அறையில் உலாயுக்கின் உதடு கிழிந்து, ரத்தம் மைக்கில் தெறித்தது. அவள் கணவனின் அண்ணன் அவன். உறைந்த கடல்பனி முடிந்து நீர் தொடங்கும் விளிம்பில் திமிங்கில வேட்டைக்கு நின்ற கூட்டத்துக்குத் தலைவன். பெட்ரோல் எடுக்கக் கரைக்கு வந்தவன், அவள் வயர்லெஸில் பனி நிலவரம் வாசிக்க உட்கார்ந்ததைப் பார்த்ததும் பேய் பிடித்தவனாகிவிட்டான்.

"போன வாரமும் விளிம்பு உடையும்னு ஊளையிட்டே. ஒருத்தனும் போகலை. பனி அசையவே இல்லை. திமிங்கிலம் கூட்டங்கூட்டமா போச்சு, நாம டின் கறி தின்னோம். இன்னிக்கும் என் ஆளுங்களைத் திருப்பிக் கூப்பிடப் போறியா?"

"அத்தான், கரையிலேர்ந்து கடலைப் பாத்துக் காத்து கிளம்பப்போகுதாம். மதியத்துக்குள்ள விளிம்பு பிச்சுக்கும். அங்க உங்க தம்பி நிக்கிறாரு."

அவன் துப்பாக்கிக் கட்டையால் வயர்லெஸை அடித்து நொறுக்கினான்.

"இப்ப வாசி."

குளிரில் பேட்டரி செத்துவிடும் என்று, விளிம்பில் இருப்பவர்கள் அவள் வாசிக்கும் வேளையில் மட்டுமே தங்கள் வயர்லெஸைப் போடுவார்கள். அவள் குரல் கேட்காவிட்டால் ஆபத்தில்லை என்று அர்த்தம். ஊர் கூடி வைத்த வழக்கம், முட்டாள் வழக்கம்! இந்த மௌனத்தை நம்பி அவள் கணவன் ஜோவாமி விளிம்பில் நிம்மதியாகத் தேநீர் காய்ச்சிக்கொண்டிருப்பான்.

கூரைத் தகரம் படபடத்தது. காற்று கிளம்பிவிட்டது. பட்லுக்கின் முகம் வெளுத்தது.

"பனிவண்டியில போய்க் கூட்டியாரேன்."

"நீ போய்ச் சேர்றதுக்குள்ள உடைஞ்சிடும்." அவன் கையிலிருந்த துப்பாக்கியைப் பிடுங்கி அவன் நெஞ்சிலேயே வைத்தாள். "வண்டியைக் கொளுத்து. கரும்புகையைப் பாத்தா ஓடி வருவாங்க."

"புது வண்டிடி!"

"தம்பி பழசாடா?"

கரையில் அவனே தன் மோட்டார் பனிவண்டிமேல் பெட்ரோலை ஊற்றித் தீ வைத்தான். ரப்பரும் பிளாஸ்டிக்கும் எரிந்து, புகை கறுப்பாக எழும்பியது. அவன் வாய்விட்டு அழுதான். வண்டிக்கா தம்பிக்கா என்று அவள் கேட்கவில்லை.

நெடுநேரம் கழித்து வேட்டைக்காரர்களின் சறுக்குவண்டிகள் தெரிந்தன. அவற்றுக்குப் பின்னால் பனி இடிபோல் பிளந்தது. கடைசியாக வந்த ஜோவாமி பிளவைத் தாண்டும்போது இடுப்புவரை நீரில் விழுந்து, கத்தியைப் பனியில் குத்தி ஏறி வந்தான்.

வந்ததும் மனைவியின் வாயைத்தான் பார்த்தான்.

"யாரு அடிச்சது?"

"நான்தான்," என்றான் பட்லுக்.

ஜோவாமி அவன் மூக்கு உடையும்வரை குத்தினான். பட்லுக் கையைத் தூக்கவே இல்லை. உலாயுக்கும் தடுக்கப் போகவில்லை.